பரங்கிமலையில் எய்ம் பட்டன் இல்லை

தோட்டா எப்படிப் பறக்கிறது என்று உலகத்துக்கு முதன்முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டிய மனிதர், கடலூரில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். நாள் 1751 ஜூலை 29. இடம், தேவனாம்பட்டினத்துக் கடலோரம் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை. ஷூட்டிங் கேமில் தூரத்தில் நிற்பவனின் நெற்றிக்குக் குறிவைத்தால் குண்டு அவன் முட்டிக்குப் போகிறதே, அந்தப் பாவமெல்லாம் இவர் கணக்கில்தான் சேரும்.

ஆசாமி பிறந்தது சண்டையே ஆகாது என்று சொல்லும் குவேக்கர் குடும்பத்தில். பேர் வாங்கியது சண்டைக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லி. சுத்த சைவக் குடும்பத்துப் பிள்ளை பிரியாணிக் கடை வைத்துக் கொடிகட்டிப் பறப்பதில்லையா, அந்த மாதிரி.

அவருக்கு முன்னால் இருந்த பாடம் இரண்டு. பழைய பாடத்தின்படி, குண்டு நேர்கோட்டில் போகும், களைத்துப்போனதும் தொப்பென்று கீழே விழும். படமும் அப்படியே வரைந்து வைத்திருந்தார்கள். பிறகு கலிலியோ வந்து, குழாயை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே குண்டு விழத் தொடங்குகிறது, அதன் பாதை பரவளையம் என்றார். கணக்கு அழகு. ஒரே ஒரு குறை, அந்தக் கணக்கில் காற்று கிடையாது. காற்றில்லாத அந்த உலகத்தில் மஸ்கட் துப்பாக்கியை 45 டிகிரிக்குத் தூக்கிச் சுட்டால் குண்டு 17 மைல் போக வேண்டும். தாம்பரம் ஸ்டேஷனில் சுட்டால் பீச் ஸ்டேஷன் தலைக்கு மேலே போய்த் துறைமுகத்தில் விழ வேண்டும். நிஜத்தில் அரை மைல் தேறவில்லை. சானடோரியம் ஸ்டேஷனைக்கூட எட்டாது.

அரை மைலுக்கும் 17 மைலுக்கும் நடுவே இருந்த இந்தச் சின்ன வித்தியாசம் பீரங்கிப் பேராசிரியர்கள் யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பவில்லை. ராபின்ஸ் எழுந்தார். ஒரு கனமான பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதைச் சுட்டார். குண்டு பட்டுப் பலகை எவ்வளவு பின்னால் போயிற்று என்பதை அதில் கட்டிய ஒரு ரிப்பனை வைத்து அளந்தார். பலகையின் எடை தெரியும், குண்டின் எடை தெரியும், ஊசல் போன தூரம் தெரியும். குண்டின் வேகம் வந்துவிட்டது. வினாடிக்கு 1,700 அடி அளவில். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் வேகத்தை ரிப்பன் அளந்து சொன்ன ஆள் அவர். பலகையைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டபோது இன்னொன்று தெரிந்தது. காற்று சும்மா இல்லை. அந்த வேகத்தில் குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட விசையோடு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. 1742இல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். ஆய்லர் என்ற மகா கணிதர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்தவர் சும்மா இருக்கமாட்டாமல் மூலத்தைவிட நீளமாக உரை எழுதினார். நமக்குத் தெரியாத வழக்கமா?

ஆய்லருக்கும் ராபின்ஸுக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. உருண்டைக் குண்டு குழாய்ச் சுவரில் உரசிச் சுழன்றுகொண்டு வெளியே வருகிறது, அந்தச் சுழற்சியால் காற்றில் பக்கவாட்டில் வளைகிறது என்று ராபின்ஸ் சொன்னார். இல்லை, குண்டு சரியான உருண்டையாக இருந்திருக்காது என்றார் ஆய்லர். ராபின்ஸ் ஒரு துப்பாக்கியை எடுத்து அதன் முனையை இடப்பக்கம் வளைத்தார். வளைந்த துப்பாக்கியால் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், வழியில் மனம் மாறி, வலப்பக்கம் வந்தது. வழியில் வரிசையாக வைத்திருந்த காகிதத் திரைகளில் விழுந்த ஓட்டைகள் சாட்சி. துப்பாக்கி வளைந்த திசைக்கு எதிர்த் திசையில் குண்டு வளைவதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. ஒரு கேமில் இப்படி நடந்தால், ‘பக்’ என்று புகார் போய், மறு வாரமே சரிசெய்து விடுவார்கள்.

இதற்கு வைத்தியமும் சொன்னார். குழாயின் உட்புறம் சுருளாகப் புரி வெட்டினால் குண்டு தன் பாதையையே அச்சாக வைத்துச் சுழலும், நேராகப் போகும், எந்த நாட்டுப் படை இதை முதலில் முழுசாகக் கற்றுக்கொள்கிறதோ அது மற்றவர்களை மிஞ்சும் என்று 1740களிலேயே எழுதினார். துப்பாக்கியைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த இந்த மனிதரைக் கிழக்கிந்தியக் கும்பினி உடனே பிடித்து வேலைக்கு வைத்தது. துப்பாக்கி செய்வதற்கு இல்லை. சுவர் கட்டுவதற்கு. சென்னைக் கோட்டையும் கடலூர்க் கோட்டையும் ஒழுகிக்கொண்டிருந்தன. 1750இல் கப்பலில் வந்து இறங்கினார், வரைபடம் போட்டார், நம் ஊர்க் காய்ச்சல் வந்தது, ஒரு வருஷத்தில் முடிந்தார். வயது 44. பேனாவைப் பிடித்தபடியே செத்தார் என்று சொல்வார்கள். கும்பினிக்கு அறிக்கை எழுதுகிற எவரும் அப்படித்தான் சாவார்.

அதற்குச் சில வருஷம் முன்னால் கும்பினியில் இன்னொரு ஆள் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ராபர்ட் கிளைவ். சென்னை வெயிலும் கணக்குப் பேரேடும் பொறுக்காமல் கைத்துப்பாக்கியைத் தலையில் வைத்து அழுத்தினார், இரண்டு முறையும் வெடிக்கவில்லை, ஆகவே தன்னை விதி பெரிய காரியத்துக்கு வைத்திருக்கிறது என்று முடிவு செய்தார் என்பது கதை. கதை உண்மையோ பொய்யோ, சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி அப்படிப்பட்டதுதான். கல் தேயும், மருந்து நமத்துப்போகும், கிண்ணத்து மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து குழாய்க்குள் தீ போகாது. எந்த ஷூட்டிங் கேமிலாவது இந்த வசதியை முழு நேர்மையோடு வைத்திருக்கிறார்களா? அந்தத் துப்பாக்கி அன்று சொன்னபடி வேலை செய்திருந்தால் இந்திய வரலாற்றுப் பாடப்புத்தகம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இப்போது பரங்கிமலைக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து ஏழாவது ஸ்டேஷன்.

1759 பிப்ரவரி 9. லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது. தெற்கிலிருந்து மேஜர் காலியாட் என்கிற கும்பினி அதிகாரி ஒரு கலவைப் படையோடு பரங்கிமலை அடிவாரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். கூடவே யூசுப் கான், அதாவது மருதநாயகம், தன் சிப்பாய்களோடு. அன்று அங்கே இருந்தவை வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்ட வீடுகள், மதில்கள், மரங்கள். மறைந்து நின்று சுட ஏற்ற இடம். மேப் வடிவமைத்தவர் நல்ல ரசனைக்காரர். லாலியின் படையிலிருந்து ஒரு பெரும் பிரிவு வந்து தாக்கியது. பகல் முழுவதும் அடிதடி. கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்கினார்கள். ஒரு வாரத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர, லாலி முற்றுகையைக் கைவிட்டுக் கிளம்பினார். யூசுப் கானை 1764இல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். அவரைப் பற்றிய படத்தை 1997இல் எலிசபெத் ராணியை வைத்துச் சென்னையில் தொடங்கினார் கமல். அந்தத் தோட்டா இன்னும் காற்றில்தான் இருக்கிறது.

அந்த பிப்ரவரி நாளில் ஒரு சிப்பாயின் கையில் என்ன இருந்தது? சுமார் பத்து ராத்தல் எடையுள்ள மஸ்கட். உள்ளே புரி கிடையாது, வழவழா குழாய். குழாய் முக்கால் அங்குலம், குண்டு அதைவிடச் சிறியது. அவசரத்தில் அழுக்கேறிய குழாய்க்குள்ளும் தடங்கலில்லாமல் இறங்க வேண்டுமே என்று வேண்டுமென்றே சிறிதாக வார்த்தார்கள். ஆகவே சுட்டால் அது குழாய்க்குள் இப்படியும் அப்படியும் முட்டிக்கொண்டு, கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அந்தச் சுழற்சியோடு வெளியே வரும். ராபின்ஸ் சொன்ன அதே சங்கதி. அவர் எழுதி 17 வருஷம் ஆகியிருந்தது. எழுதியதைப் படிக்கவேண்டிய கும்பினி அவரைச் சுவருக்கு அனுப்பிவிட்டது.

குறிபார்க்கப் பின்காட்சி கிடையாது. முனையில் பயனெட்டை மாட்டுவதற்கு இருந்த ஒரு குமிழ்தான் முன்காட்சி. கும்பினிப் படை பழகிய பிரிட்டிஷ் கவாத்தில் ‘நீட்டு’, அப்புறம் ‘சுடு’. நடுவே ‘குறிபார்’ என்று ஒரு கட்டளையே இல்லை. அதாவது எய்ம் பட்டன் இல்லாத கேம். விசையை அழுத்தினால் கல் உரசி, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து எரிந்து, தீ உள்ளே போய், அப்புறம்தான் வெடி. அதற்குள் கண்ணெதிரே எழுந்த தீயைப் பார்த்துச் சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். நன்றாகப் பழகியவர் நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடுவார். முதல் வரிசை சுட்டு முடித்ததும் கரிமருந்துப் புகை களம் முழுவதையும் மூடிவிடும். ஸ்மோக் கிரனேட் தனியாக வாங்கத் தேவையில்லை. ஜார்ஜ் ஹேங்கர் என்ற பிரிட்டிஷ் கர்னல் 1814இல் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தார். 80 கஜத்தில் ஆளை அடிக்கலாம், 100 என்றாலும் சரி, 150 கஜத்தில் ஒருவன் அடிபட்டால் அவன் ஜாதகம் சரியில்லை, 200 கஜத்தில் சுடுவதும் நிலாவைச் சுடுவதும் ஒன்றுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். ஜாதகம் மட்டும் என் சேர்க்கை.

இவர்கள் எல்லாரையும்விட விவரமானவர் ஹைதர் அலி. 1769 மார்ச் கடைசியில், கும்பினிப் படை தெற்கே தன்னைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது, பொறுக்கி எடுத்த குதிரைப்படையோடு 130 மைலை மூன்றரை நாளில் ஓட்டி அதே பரங்கிமலையில் வந்து நின்றார். கேம் ஆடும் பையன்கள் இதை ‘ரஷ்’ என்பார்கள். எதிரி பிறக்கிற இடத்தின் வாசலிலேயே கூடாரம். கோட்டைக்குள் இருந்த கவுன்சிலுக்கு வயிற்றைக் கலக்கியது. ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தானது. கேமில் புல்லட் டிராப் என்று சொல்கிற குண்டின் இறக்கம், காற்றுத் தடை, சுழற்சி, எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

கும்பினியும் பாடம் கற்றுக்கொண்டது, தன் பாணியில். மலையடிவாரத்தில் சென்னைப் பீரங்கிப்படையின் தலைமையகத்தையே வைத்துவிட்டது. அதன் பிறகு அங்கே சுடுவதைவிட அளப்பது அதிகமாயிற்று. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் மூடிய பெரிய நில அளவை இந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது. கோடு போன வழியில் இன்றைக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை, அடுக்குமாடிகள். அன்றைக்கு வெறும் வெளி, கொளுத்தும் கோடை. கோணம் பார்க்க அவரிடம் இருந்த தியோடலைட்டின் எடை அரை டன். அதை இங்கிலாந்திலிருந்து அனுப்பியபோது நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். என்ன தோன்றியதோ, நாகரிகமாகத் திருப்பி அனுப்பினார்கள். எதிரியின் ஸ்கோப்பைக் கொள்ளையடித்துவிட்டு மரியாதையாகக் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவனை எந்த சர்வரிலாவது பார்த்ததுண்டா? அவ்வளவு பத்திரமாக வந்ததை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றப்போய், கயிறு அறுந்து சுவரில் மோதவிட்டார் லாம்டன். பிறகு அறைக்குள் உட்கார்ந்து தானே நிமிர்த்திச் சரிசெய்தார்.

அடுத்தவர் ஜான் கோல்டிங்காம். கும்பினியின் வானியலாளர், போகிற போக்கில் கட்டடக் கலைஞர்; இன்று ராஜாஜி ஹால் என்கிறோமே, அதைக் கட்டியவர். நுங்கம்பாக்கத்தில் அவருடைய வானாய்வகம். ஒரு பக்கம் கோட்டையிலும் மறுபக்கம் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பார்கள். மலைக்கும் வானாய்வகத்துக்கும் தூரம் ஐந்தரை மைலுக்குக் கொஞ்சம் மேலே. 1820, 1821இல் அவர் ஆட்களை மொட்டைமாடியில் உட்காரவைத்தார். மலையில் தீப்பொறி தெரிந்ததும் எண்ணத் தொடங்க வேண்டும், சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். கூடவே வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். மாதாமாதம் கணக்குப் பார்த்தால், ஜனவரியில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,100 அடி. ஜூலையில் 1,160க்கு மேல். மார்கழிக் குளிரில் பரங்கிமலையில் வெடித்தது நுங்கம்பாக்கத்துக்கு வர ஏறக்குறைய 27 வினாடி. வெயில் காலத்தில் 25 சொச்சம். சென்னையில் வெயில் அடித்தால் வேகம் கூடுகிற ஒரே பொருள் சத்தம்தான் போலிருக்கிறது. லண்டன் ராயல் சொசைட்டி 1823இல் இந்த முடிவுகளை வெளியிட்டது.

கேம் ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. தூரத்திலிருந்து சுட்டால் முதலில் ரத்தம், அப்புறம்தான் ‘டப்’. அந்த இடைவெளியை வைத்துச் சுட்டவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணக்குப் போடுவார்கள். கோல்டிங்காம் செய்ததும் அதுதான், தூரத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு. 27 வினாடி லேக்கோடு ஒரு மனிதர் இரண்டு வருஷம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். நம் பையன்கள் கால் வினாடி பிங் ஏறினாலே ரௌட்டரை அடிக்கிறார்கள்.

ராபின்ஸ் சொன்ன புரிக்குழாய் எல்லாச் சிப்பாய்களின் கைக்கும் வருவதற்கு நூறு வருஷத்துக்கு மேலானது. 1853 மாடல் என்ஃபீல்டு. நூற்றுக்கணக்கான கஜத்துக்குத் தூரம் வைத்துக் குறிபார்க்க ஏறி இறங்கும் பின்காட்சி. கேமில் ‘ஜீரோயிங்’ என்று வைத்திருப்பது அதைத்தான். குழாய் லேசாக மேலே பார்த்தபடி இருக்கும், கண் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும், குண்டு ஏறி இறங்கிச் சொன்ன தூரத்தில் கண்ணோடு வந்து சேரும். கடைசியில் எல்லாம் சரியாக அமைந்தபோது அதன் தோட்டாக் காகிதத்தில் என்ன கொழுப்பைத் தடவினார்கள் என்ற பேச்சு கிளம்பி, 1857 கிளர்ச்சி வெடித்தது. குறி சரியானதும் ஆட்சி ஆட்டம் கண்டது.

கணினிக்காரர்களும் இதே வரிசையில்தான் வந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. 1993இல் வந்த டூம் என்ற கேமில் கைத்துப்பாக்கிக் குண்டு என்று ஒன்று பறப்பதே இல்லை. விசையை அழுத்தினால் கணினி ஒரு நேர்கோடு போட்டுப் பார்க்கும், குறுக்கே யார் இருக்கிறாரோ அவர் காலி. ‘ஹிட்ஸ்கேன்’ என்பார்கள். 2000களில் தாம்பரத்துப் பிரவுசிங் சென்டர்களில் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் நெருக்கியடித்து ஆடிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் அதே நேர்கோடுதான்; குறி சிதறுவது மட்டும் கூடுதல். அந்தக் குண்டு ஒளியைவிட வேகம். இது கலிலியோவுக்கு முந்தைய பாடம். பிறகு ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட் மாதிரி சில கேம்கள் குண்டைப் பறக்கவிட்டு, விழவும் விட்டன; இது கலிலியோ. பப்ஜி வந்து அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதில் கார்98கே துப்பாக்கியின் குண்டு வினாடிக்கு 760 மீட்டர். 400 மீட்டர் தள்ளி நிற்பவனைச் சென்றடைய அரை வினாடிக்கு மேல். காற்றை மறந்துவிட்டால், குழாயை மட்டமாக நீட்டிச் சுட்ட குண்டு அதற்குள் நாலரை அடி இறங்கியிருக்கும். நெற்றி முட்டியாவது இப்படித்தான்.

2020 செப்டம்பரில் அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு, ரத்தத்தைப் பச்சையாக்கிக்கொண்டு, ‘கில்’ என்பதை ‘ஃபினிஷ்’ ஆக்கிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் மறுபடி வந்தது. புல்லட் டிராப்பில் யாரும் கைவைக்கவில்லை. பச்சை ரத்தம் புவியீர்ப்பைப் பாதிப்பதில்லை.

சேலையூரில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இதெல்லாம் போதவில்லை. அவன் யதார்த்தவாதி. ‘காத்தே இல்ல மாமா இதுல, ரியலிஸ்டிக்கா இல்ல’ என்று அலுத்துக்கொண்டான். நான் பரங்கிமலை 1759 என்று ஒரு மேப் இருந்தால் எப்படி இருக்கும் என்று சொன்னேன். பின்காட்சி இல்லை. பத்துத் தடவை அழுத்தினால் ஒன்றிரண்டு தடவை வெடிக்காது. வெடித்தால் புகை. ரீலோட் இருபது வினாடி, அதுவும் நின்றுகொண்டு. நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு எங்கே போகும் என்பது குண்டுக்கே தெரியாது.

அவன் போனைக் கீழே வைத்தான்.

‘அப்புறம் எப்படித்தான் மாமா ஜெயிச்சாங்க?’

‘கிட்டப் போய், வரிசையா நின்னு, எல்லாரும் ஒண்ணா சுட்டாங்கடா.’

‘எல்லாரும் ஒண்ணா சுட்டா யார் குண்டு பட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? ஃபினிஷ் யார் பேர்ல ஏறும்?’

‘கும்பினி பேர்ல.’